மிஸ் பென்னன்டின் இரவல் விலாசம்

“உன் வீட்டு கேட் என்ன கலர்?”

“பச்சை, மிஸ்.”

“எந்தப் பச்சை? பச்சைல நூறு பச்சை இருக்கு.”

“இலைப் பச்சை, மிஸ். அடியில துரு.”

“வாசல்ல என்ன மரம்?”

“ரெண்டு மாமரம். ஒண்ணு காய்க்கும், ஒண்ணு சும்மா நிக்கும்.”

“நாய் பேரு?”

“சார்ஜன்ட்.”

“கடிக்குமா?”

“குரைக்கத்தான் செய்யும், மிஸ். உங்க வீட்டுல கடிக்கறது மிஸ்டர் பென்னன்ட்தான்.”

மிஸ் பென்னன்ட் சிரிக்கமாட்டார். அளவுகோலால் மேசையைத் தட்டி, “இன்டர்வியூல இந்த வாய காமிச்சே, அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துரு” என்பார்.

கிங்ஸ்டனில் எங்கள் பள்ளிக்கூடத்தின் எந்தப் பாடத்திட்டத்திலும் இந்தப் பாடம் கிடையாது. நோயாளிப் பிள்ளைகளைப் படுக்கவைக்கும் அறைக்குப் பக்கத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அங்கேதான் ஐயோனி பென்னன்ட் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தார். கடைசி வருடப் பிள்ளைகளுக்கு வேலை தேடிக் கொடுப்பது அவர் உத்தியோகம். அலமாரியில் எட்டு ஜோடி கறுப்பு ஷூ வைத்திருப்பார். இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் காலுக்குப் பொருந்துவதைப் போட்டுக்கொண்டு போய்விட்டு, துடைத்துத் திருப்பி வைக்க வேண்டும். கை குலுக்கப் பழகுவது பள்ளி வாட்ச்மேனோடு. அந்த மனிதரின் கை இரும்பு. அதைப் பிடித்து முகம் சுளிக்காமல் “குட் மார்னிங் சார்” சொல்லிவிட்டால் ஜமைக்காவில் எந்த மேனேஜரின் கையையும் பிடித்துவிடலாம்.

அந்த கேட் பாடம் மட்டும் எல்லாருக்கும் கிடையாது. சில தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மட்டும்தான். அடிதடிக்குப் பேர்போன எங்கள் டஃபஸ் சந்து அதில் முதலிடம்.

கிங்ஸ்டனில் வேலை கேட்டு மனு போட்டவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மனுவில் பெயருக்கு அடுத்த வரி விலாசம். டஃபஸ் சந்து என்று எழுதினால் அதற்குக் கீழே நீங்கள் எழுதிய எட்டுப் பாடத் தேர்ச்சியை ஒருவரும் படிக்கமாட்டார்கள். மிஸ் பென்னன்ட் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், கணக்கில் பள்ளிக்கே முதலாக வந்த லெஃப்ராய் என்ற பையனுக்கு ஐந்து இடத்திலிருந்து ‘வருந்துகிறோம்’ கடிதம் வந்தது. ஆறாவது மனுவைத் தானே கையில் வாங்கி, விலாசத்தை அடித்துவிட்டு, தன் வீட்டு விலாசத்தை எழுதினார். பதினான்கு, மார்லோ அவென்யூ. ஒரே வாரத்தில் ஆர்டர் வந்தது. மற்ற டீச்சர்கள் கேக் வெட்டலாம் என்றார்கள். இவர் அந்த ஜன்னல் இல்லாத அறைக்குள் போய் உட்கார்ந்து கோபத்தில் அழுதாராம்.

அவருக்கே அது புதிது இல்லை. போர்ட்லாண்ட் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் கிங்ஸ்டனுக்கு வந்து அத்தை வீட்டில் தங்கியவர். “என் மார்க்க யாரும்மா பாத்தா? எங்க அத்தை தெருவத்தான் பாத்தாங்க” என்று எங்களிடம் பலதடவை சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு மூன்று பேர், நான்கு பேர் அந்த விலாசத்தை இரவல் வாங்கினோம். இரவல் வாங்குகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அந்த வீட்டுக்குப் போய், ‘நாங்கள் வசிக்கும்’ வீட்டைச் சுற்றிப் பார்த்து, சோறும் பட்டாணியும் கோழியும் சாப்பிட்டுவிட்டு, எந்த பஸ், எந்த நிறுத்தம், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும். மிஸ்டர் பென்னன்ட் தபால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் புலம்புவார். “எனக்கு இருக்கறது ஒரே மக, அவளும் டொரன்டோல. இந்தத் தபாலப் பாத்தா நாப்பது பிள்ளை பெத்தவன் மாதிரி இருக்கு. போஸ்ட்மேன் என்னப் பாக்கற பார்வையே சரியில்ல, ஐயோனி.” ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் கேட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டார். மிஸ் பென்னன்ட் பதறிப்போய் அதுவரை விலாசத்தை இரவல் வாங்கியிருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் போன் போட்டார். “கேட் இப்போ வெள்ளை. மறந்துராதீங்க, வெள்ளை!”

நான் அந்த விலாசத்தை வாங்கியபோது எனக்குப் பதினெட்டு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் ஃபைல் அடுக்கும் வேலை. கேட் பச்சை என்று சொல்லி உள்ளே போனேன். பத்தொன்பது வருடமாகிறது. இப்போது ஆள் எடுக்கும் பிரிவில் இரண்டாவது ஆள் நான். இந்தப் பத்தொன்பது வருடமும் நான் குடியிருப்பது டஃபஸ் சந்து, பதினைந்தாம் நம்பர். அம்மாவும் நானும். கம்பெனி ஃபைலில் நான் குடியிருப்பது மார்லோ அவென்யூ.

முதல் வருடமே மாற்றியிருக்கலாம். வேலை நிரந்தரமானதும் மாற்றலாம் என்று இருந்தேன். நிரந்தரமானதும், பதவி உயர்வு வரட்டும் என்று இருந்தேன். அது வந்த பிறகு மாற்ற வெட்கமாக இருந்தது. ஒரு மழை நாளில் எங்கள் பிரிவுத் தலைவர் மிஸ்டர் லின்டோ வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று காரில் ஏற்றிக்கொண்டார். எங்கே இறங்குவது? மார்லோ அவென்யூவில் இறங்கினேன். சார்ஜன்ட் வாலாட்டிக்கொண்டு ஓடிவந்தது. அந்த நாய்க்கு நான் என்ன நன்றி சொல்ல! கார் மறையும்வரை மிஸ் பென்னன்ட் வீட்டு வராந்தாவில் இஞ்சி டீ குடித்துவிட்டு, குடை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகும் மழை நாட்களில் இதே கதைதான். ஆபீஸில் கேட்டவர்களிடம் அது மாமா வீடு என்று வேறு சொல்லி வைத்திருந்தேன்.

போன வருடம் மார்ச்சில் மிஸ்டர் பென்னன்ட் இறந்துபோனார். நான் லீவு கேட்டபோது, மாமா இறந்துவிட்டார் என்றுதான் சொல்ல முடிந்தது. இறுதிச் சடங்கன்று என் ஆபீஸிலிருந்து ஆறு பேர் மலர் வளையத்தோடு வந்து இறங்கினார்கள். மிஸ்டர் லின்டோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “உங்க மாமா பெருமைப்படற மாதிரி வளத்திருக்காரு, ரோஷெல்” என்றார். அடுத்து மிஸ் பென்னன்டிடம் போய், “உங்க மருமக எங்க ஆபீஸோட தூண்” என்றார்.

மிஸ் பென்னன்ட் கறுப்புத் தொப்பிக்குக் கீழே என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரிடம், “ஆமாங்க. நல்ல பொண்ணு” என்றார். புருஷனை மண்ணில் வைக்கும் நாளில் அந்த அம்மாவை நான் நாடகம் ஆட வைத்தேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

சடங்கு முடிந்து பாத்திரம் கழுவும்போது அவர் சொன்னார். “இனிமே யாருக்கும் குடுக்கறதில்ல. அடுத்த பிள்ளை அதோட சொந்த விலாசத்தோட போகட்டும். காலம் மாறியிருக்கும்.”

“மாறியிருக்குமா மிஸ்?”

“மாறலன்னா மாத்தத்தான் நீ அங்க உக்காந்திருக்கியே” என்றார். கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார், சாதாரணமாக.

அந்த அடுத்த பிள்ளை டிஷானா. எங்கள் சந்தில் ஒன்பதாம் நம்பர், என் வீட்டிலிருந்து மூன்று கேட் தள்ளி. அவள் அப்பா டயர் கடை. எட்டுப் பாடம் எழுதி எட்டிலும் தேறியவள், அதில் ஐந்து முதல் கிரேடு. சின்ன வயதில், என் அம்மா வீட்டில் விற்கும் பேக் ஜூஸ் வாங்க வருவாள், சின்னப் பிளாஸ்டிக் பையில் கட்டிய சர்பத். அந்தப் பையின் மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்வாள். எங்கள் கம்பெனியில் இளநிலை கிளார்க் ஒரு இடம் காலி என்று நான்தான் மிஸ் பென்னன்டிடம் சொன்னேன். டிஷானா பிடிவாதமாக அந்த ஒரு வேலையைத்தான் கேட்டாள். ஏனென்றால் அங்கே சாயங்காலம் படிக்க லீவு கொடுப்பார்கள். படிப்புக்கும் உதவி உண்டு. அது கிடைத்தால் அவள் கணக்காளர் ஆகிவிடுவாள். கிடைக்காவிட்டால் டயர் கடைக் கல்லா.

இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் மிஸ் பென்னன்ட் எனக்கு போன் செய்தார்.

“சிபாரிசு ஒண்ணும் வேண்டாம் ரோஷெல். பிள்ளைக்கு மார்க் இருக்கு. யாராவது அந்த ஏரியாவப் பத்திக் கேட்டா, தெரிஞ்சத சொல்லு. அது போதும்.”

“சரி மிஸ்.”

“அந்தப் பிள்ளைகிட்டயும் சொல்லியிருக்கேன். உன்னத் தெரியும்னு அவ வாயத் தொறக்கக்கூடாது. நீ எப்படிச் சொல்லணும்னு நெனைக்கறியோ, அது உன் இஷ்டம். உன்ன சங்கடத்துல மாட்டிவிடக்கூடாது.”

அந்த அம்மா எங்கள் இருவருக்கும் பாதுகாப்பாகத்தான் யோசித்தார். நான்தான் அதை எனக்கு மட்டும் கொடுத்த பாதுகாப்பாக எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. மிஸ்டர் லின்டோவின் அறையில், மேசைக்கு இந்தப் பக்கம் அவரும் நானும். டிஷானா உள்ளே வந்தாள். அலமாரி ஷூ காலில் கொஞ்சம் பெரிது, குதிகாலில் பஞ்சு வைத்திருந்தாள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் வைத்தேன். மிஸ்டர் லின்டோவின் கையை வாட்ச்மேன் கை மாதிரியே அழுத்திக் குலுக்கினாள். அவர் ஆச்சரியப்பட்டார். கணக்குக் கேள்விக்கு எல்லாம் பதில் டக் டக்கென்று வந்தது. பிறகு அவர் மனுவின் முதல் பக்கத்தைத் திருப்பினார். பேனாவைக் கீழே வைத்தார்.

“டஃபஸ் சந்தா?”

“ஆமா சார்.”

“தப்பா நெனைக்காதேம்மா. அங்க தகராறுன்னா ரோட்ட அடைச்சுருவாங்க. வாரம் ரெண்டு நாள் நீ வரலைன்னா எங்க வேலை நின்னுபோகும்.”

“முன்பக்கம் அடைச்சா பின்பக்கமா வழி இருக்கு சார். கால்வாய் ஓரமா பத்து நிமிஷம் நடந்தா பெரிய ரோடு. வேலைக்குப் போறவங்க எல்லாம் அப்படித்தான் வர்றாங்க. லேட்டானதில்ல.”

சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கால்வாய் ஓரத்தில் அன்று காலைகூட நான் நடந்து வந்திருந்தேன். என் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. பத்து வருடம் ஒருநாள்கூடத் தாமதமாக வராததற்கு கம்பெனி எனக்குக் கொடுத்த பரிசு, அடியில் பித்தளைத் தகட்டில் என் பெயர்.

“இந்த ஆபீஸ்ல உன்னத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” இது எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான், ஃபாரத்திலேயே உண்டு.

டிஷானா இப்போது என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு அளவுக்குத்தான்.

“இல்ல சார்.”

அவள் வெளியே போன பிறகு மிஸ்டர் லின்டோ நாற்காலியில் சாய்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு இன்று வசதியாக இருக்கும்.

“நல்ல பொண்ணு. வந்தவங்கள்லயே நல்ல பொண்ணு. ஆனா அந்த இடம்… உனக்கு அந்தப் பக்கம் தெரியுமா, ரோஷெல்? அவ சொல்ற மாதிரி வர முடியுமா?”

ஒரு வாக்கியம் போதும். ‘நான் அங்கிருந்துதான் சார் வர்றேன்.’ சுவரில் சாட்சியே தொங்குகிறது. என் வாயில் அது வந்தும்விட்டது. ஆனால் அதோடு கூடவே மலர் வளையம் வந்தது, மாமா வந்தார், மழையில் ஏறிய கார் வந்தது. எல்லாவற்றையும் இந்த மனிதர் முன்னால் ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டுமே என்று நினைத்தேன்.

“இல்ல சார். பஸ்ல போறப்போ பாத்திருக்கேன், அவ்வளவுதான்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானே சேர்த்தேன்: “கொஞ்சம் ரிஸ்க்தான் சார்.”

கதவு லேசாகத் திறந்திருந்தது. “சாரி சார், சர்டிஃபிகேட் ஃபைல விட்டுட்டேன்” என்று டிஷானா உள்ளே வந்து, மேசை ஓரத்திலிருந்த ஃபைலை எடுத்து, “தேங்க்யூ மிஸ்” என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள். கேட்டாளா, கேட்கவில்லையா? அன்று முழுவதும் அதையேதான் யோசித்தேன். அவள் கேட்கவில்லை என்றால் நான் செய்தது தப்பில்லை என்பதுபோல.

‘வருந்துகிறோம்’ கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை. போட்டேன். எங்கள் சந்துக்குள் தபால்காரர் வரமாட்டார், முனையில் கிட்டி கடையில் கொடுத்துவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமை வீடு திரும்பும்போது கிட்டி அக்கா கடைக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

“ரோஷெல், நீ அந்தப் பக்கந்தான போறே? இத டயர் கடைக்காரர் வீட்டுல குடுத்துரு. பெரிய கம்பெனி கவர் போல. பிள்ளைக்கு வேலை கிடைச்சிருச்சு போலிருக்கே!”

நான் ஒட்டிய கவர், என் கைக்கே வந்தது. ஒன்பதாம் நம்பர் தகரக் கேட்டுக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டு, கொலை செய்தவளைப் போல வேகமாக நடந்தேன். உள்ளே யாரோ பாடிக்கொண்டே துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் வாசலில் பெருக்கிக்கொண்டிருப்பாள். “குட் மார்னிங், மிஸ் ரோஷெல்.” வழக்கம்போலவே, முகத்தில் ஒன்றும் இல்லாமல். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக பஸ் ஏறியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை காலை மிஸ் பென்னன்ட் எங்கள் சந்துக்கு வந்தார். இருபத்தாறு வருடத்தில் எங்களை அவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாரே தவிர, அவர் இங்கே வந்ததில்லை. சர்ச்சுக்குப் போடும் நீல உடை, தொப்பி. எங்கள் சந்தில் தொப்பி வைத்த அம்மா வந்தால் பத்து வீட்டு ஜன்னல் திறக்கும். அவர் ஒன்பதாம் நம்பர் வாசலில் நின்று, டயர் கடைக்காரரிடம், எல்லாருக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

“தப்பு என்னோடது. வழக்கமா குடுக்கற விலாசத்த நான் இந்தப் பிள்ளைக்குக் குடுக்கல. காலம் மாறியிருச்சுன்னு நெனைச்சேன். உங்க பிள்ளை ஒரு குறையும் வைக்கல. நாந்தான் வெச்சேன். மன்னிச்சுக்குங்க.”

டயர் கடைக்காரர் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, “அய்யோ, விடுங்க மிஸ், விடுங்க” என்று தடுமாறினார். நான் எங்கள் சமையலறையில், வாணலியில் டம்ப்ளிங் கருகிக்கொண்டிருக்க, திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். புருஷன் செத்து நான்கு மாதம்கூட ஆகாத அம்மா, நான் செய்த காரியத்துக்காகத் தெருவில் நின்று மன்னிப்புக் கேட்கிறார்.

என் அம்மா ஓடிப்போய் அவரை உள்ளே கூட்டி வந்தாள். எலுமிச்சை ஜூஸ் கலக்கிக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்ததும் நான் சொல்லிவிட்டேன். பூசி மெழுகாமல், அந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்து.

அம்மாதான் முதலில் பேசினாள். “இந்த வீட்டயா? நீ பொறந்த வீட்டயா பஸ்ல பாத்தேன்னு சொன்னே?” அதோடு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மிஸ் பென்னன்ட் டம்ளரைக் கீழே வைத்தார்.

“கேட்டுக்கு வெள்ளை அடிச்சப்போ எத்தன பேருக்கு போன் பண்ணினேன் தெரியுமா? பதினேழு பேருக்கு” என்றார். “வேலை நிரந்தரமாச்சு, இனிமே உங்க சொந்த விலாசத்தக் குடுங்கன்னு ஒருத்தருக்குக்கூட போன் பண்ணல. எனக்குத் தோணவே இல்ல. உன்ன வாசல்ல இறக்கிவிடறப்போ டீ போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்திருக்கேன். எனக்கும் வெக்கமா இருக்கு, ரோஷெல்.”

“மிஸ், நீங்க—”

“இரு. பேசிட்டிருக்கேன்ல.” அளவுகோல் குரல். “கேட் கலர் நான் சொல்லிக் குடுத்தது. அதுக்கு நான் பொறுப்பு. ‘ரிஸ்க்’குன்னு சொல்ல நான் சொல்லிக் குடுக்கல. அது நீயா சொன்னது.”

தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். டம்ளரில் பாதி ஜூஸ் அப்படியே இருந்தது. நான் பஸ் நிறுத்தம்வரை வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் மிஸ்டர் லின்டோவின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும், குறைந்தபட்சம் மானமாவது போகும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பத்து வருஷமும் அங்கிருந்துதான் வந்தியா?”

“பத்தொன்பது, சார்.”

“கால்வாய் ஓரமாவா?”

“ஆமா சார்.”

அவர் தலையை ஆட்டினார். “அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பொண்ண எடுத்திருப்பேனே. இப்போ அந்த இடத்துக்கு ஆள் சேந்தாச்சு. பாரு, அங்க உக்காந்திருக்கான்.” கண்ணாடிக்கு அப்பால் ஒரு புதுப் பையன் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தான். “விலாசம் மாத்தற ஃபாரம் கீழ இருக்கு, பூர்த்தி பண்ணிக் குடுத்துரு” என்றார். அவ்வளவுதான். அடுத்த போனை எடுத்துவிட்டார்.

பத்தொன்பது வருடமாக நான் நடுங்கிக்கொண்டிருந்த விஷயம் நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கழிப்பறைக்குள் போய் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேராக ஒன்பதாம் நம்பர் கேட்டைத் தட்டினேன். டிஷானா முன்வாசல் படியில் உட்கார்ந்து மடியில் பலகை வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். பாதியில் அவள் கையைக் காட்டினாள்.

“தெரியும் மிஸ் ரோஷெல். ஃபைல் எடுக்க வந்தேன்ல, கேட்டுச்சு.”

“தெரிஞ்சுமா தினமும் குட் மார்னிங் சொன்னே?”

“வேற என்ன சொல்ல?” என்றாள். “மொதல்ல அழுதேன். அப்புறம் அப்பாகிட்ட சொல்லலாமான்னு பாத்தேன். அப்பா கத்தினா சந்து முழுக்கக் கேக்கும், உங்க அம்மா காதுல விழும். அதான் சொல்லல.”

என்னைக் காப்பாற்ற இந்தப் பதினெட்டு வயதுப் பெண் இரண்டு முறை வாயை மூடியிருக்கிறாள். அவளைக் காப்பாற்ற ஒரே ஒரு முறை வாயைத் திறக்க என்னால் முடியவில்லை.

“என்ன எழுதறே?” என்றேன், வேறு எதுவும் கேட்கத் தெரியாமல்.

“ஆஸ்பத்திரில ரெக்கார்டு கிளார்க் வேலை. நாளைக்குக் கடைசி தேதி. படிக்க லீவு எல்லாம் கிடையாது, பாத்துக்கலாம்.” பலகையை என் பக்கம் திருப்பினாள். முதல் பக்கத்தில் டஃபஸ் சந்து, ஒன்பது என்று அழுத்தி எழுதியிருந்தாள். “மிஸ் பென்னன்ட் மறுபடியும் அவங்க விலாசத்தத் தர்றேன்னாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

“ஏன்?”

அவள் என்னைப் பார்த்துவிட்டு, மரியாதைக்காகப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். ஏன் கேட்டோம் என்றிருந்தது எனக்கு.

“என்னப் பத்திச் சாட்சி சொல்ல ரெண்டு பேரோட பேர எழுதணும். ஒண்ணு மிஸ் பென்னன்ட். இன்னொண்ணுக்கு வேலைல இருக்கற ஒருத்தர் வேணுமாம்” என்றாள். “உங்க பேர எழுதலாமா?”

“எழுது.”

ரோஷெல் என்று எழுத ஆரம்பித்தாள். எழுத்துக் கூட்டி, நிதானமாக. கம்பெனி பெயர், பதவி எல்லாம் எழுதிவிட்டு அடுத்த வரியில் பேனாவை வைத்து நிறுத்தினாள்.

“உங்க விலாசம் எத எழுதட்டும், மிஸ்?”

கேலி இல்லை, குத்தல் இல்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. மூன்று கேட் தள்ளி என் அம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“பதினஞ்சு, டஃபஸ் சந்து.”